சோதனைக்கு ஆறு தவளை

சிற்றம்பலம் ஜொகூர் பாரு ரயில்வே ஸ்டேஷனில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டுகளும் அன்னாசிப் பெட்டிகளும் அவர் கையெழுத்து விழாமல் வேகன் ஏறாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து கப்பலேறி வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. கூச்ச சுபாவம். வேகன் கதவைச் சாத்தும்போது உள்ளே ஒரு குருவி மாட்டிக்கொண்டால், அது வெளியே போகும் வரை சரக்கு ரயிலையே நிறுத்தி வைப்பார் என்று ஸ்டேஷனில் அவரைக் கேலி செய்வார்கள்.

அவருடைய ஒரே மகள் சரோஜினிக்கு 1935 ஜூன் மாதம் சிங்கப்பூரில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. சேதி வந்த அன்று அவர் மனைவி அன்னபாக்கியம் ஒரு பெரிய சருவப் பாத்திரம் நிறையப் பயத்தம் பணியாரம் சுட்டாள். ஸ்டேஷன் மாஸ்டரிலிருந்து சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கும் வேலு வரைக்கும் எல்லோர் கையிலும் இரண்டிரண்டு விழுந்தது. வேலு மட்டும் நான்கு வாங்கிக்கொண்டான். டாக்டர் வீட்டுப் பலகாரம் உடம்புக்கு நல்லது என்றான்.

ரயில்வேக்காரர் குடும்பத்துக்கு ரயிலில் பாஸ் உண்டு. ஆகவே சரோஜினி விடுதியில் தங்காமல் தினமும் போய்வருவது என்று முடிவாயிற்று. காலை ஆறரை மணி ரயில். அதற்கு முன்பே அன்னபாக்கியம் பிட்டு அவித்து, தேங்காய்ச் சம்பல் அரைத்து, மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் தூக்குச் சட்டியில் அடுக்கிவிடுவாள். அது சுத்த சைவ வீடு. முட்டை அந்தக் குசினி வாசல்படியைத் தாண்டியதில்லை. வெங்காயம் கூட வெள்ளிக்கிழமைகளில் வெளியிலேயே இருக்கும்.

முதல் மாதம் சரோஜினிக்கு எல்லாமே தடுமாற்றம்தான். விரிவுரை மண்டபத்தில் நூறு பேருக்கு இடம் இருந்தது. வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அதில் மூன்று பெண்கள். பெண்கள் உள்ளே நுழையும்போது பையன்கள் பெஞ்சில் தாளம் போடுவார்கள். முதல் வாரம் அவள் தலை நிமிரவில்லை. இரண்டாவது வாரம் அந்தத் தாளத்துக்கு நடை பிசகாமல் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் தாளம் நின்றுவிட்டது. அவளுக்கே அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பேராசிரியர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் பேசும் ஆங்கிலம் ஜொகூர் பாரு கன்னிமாடத்துப் பள்ளியில் அவள் கேட்ட ஆங்கிலம் அல்ல. பாதியைக் காதால் பிடித்து, மீதியைப் புத்தகத்தில் தேடினாள். சேலையோடு உயரமான முக்காலியில் ஏறி உட்காரவும் ஒரு பக்குவம் வேண்டியிருந்தது. இரண்டு தடவை முக்காலியோடு சாய்ந்தாள்.

ஆனால் ரயில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் நீர் வெளுத்துக் கிடக்கும். கிராஞ்சி ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பாடம், புக்கிட் தீமா வருவதற்குள் இன்னொரு பாடம் என்று கணக்கு வைத்துப் படித்தாள். மாலையில் திரும்பும் ரயிலில், வேலை முடிந்து வரும் குமாஸ்தாக்களும் மீன்கூடைக்காரிகளும் அவளுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஒரு மீன்கூடைக்காரி தன் முழங்கால் வீக்கத்தைக் காட்டி மருந்து கேட்டாள். தான் இன்னும் செடிகளைத்தான் படிப்பதாகச் சரோஜினி சொன்னாள். அப்படியானால் எந்த இலையை வைத்துக் கட்டலாம் என்று அவள் விடாமல் கேட்டாள்.

வீட்டிலும் அவள் செடிகளைப் பற்றித்தான் சொன்னாள். இன்று என்ன படிப்பு என்று தினமும் மாலையில் அன்னபாக்கியம் கேட்பாள். வேர், தண்டு, பூவின் மகரந்தம் என்று சரோஜினி ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அன்னபாக்கியம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். செவ்வாயும் வியாழனும் பிற்பகலில் நடக்கும் விலங்கியல் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வராது.

அந்த வகுப்பில் தவளை அறுக்க வேண்டும். மெழுகு ஊற்றிய தட்டில் தவளையை மல்லாக்கக் கிடத்தி, கால்களை ஊசியால் குத்தி, வயிற்றைத் திறந்து, நரம்பையும் ரத்தக் குழாயையும் பிரித்துக் காட்ட வேண்டும். முதல் நாள் அந்த மருந்து வாடையிலேயே சரோஜினி வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். அவளோடு ஒரே மேசையில் இருந்தவள் லிம் சியூ எங் என்ற சீனப் பெண். தகப்பனுக்கு சிங்கப்பூரில் மருந்துக்கடை. கெட்டிக்காரி, கை வேகம் அதிகம், ஆனால் படம் வரையச் சொன்னால் தவளையும் பலாக்கொட்டையும் ஒன்றுபோல இருக்கும். சரோஜினியின் படமோ பார்த்தவர் தொட்டுப் பார்க்கும்படி இருக்கும். இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். லிம் அறுப்பாள், சரோஜினி இரண்டு பேருக்கும் வரைவாள். ஏற்பாட்டை உறுதிப்படுத்த, அன்னபாக்கியத்தின் உளுந்து வடையும் லிம் வீட்டு ஆரஞ்சுப் பழங்களும் தினமும் கை மாறின. சரோஜினியின் கத்திப்பெட்டி புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

டிசம்பர் நடுவில் தவணைச் சோதனை வந்தது. அதில் ஒவ்வொருவரும் தனித்தனி மேசை. சரோஜினி கத்தியைக் கையில் எடுத்தாள். ஒரு மணி நேரம் எடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தபோது அவள் தட்டில் இருந்த தவளை வந்தபடியே கிடந்தது.

பேராசிரியர் கோபிக்கவில்லை. அவளுடைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, வகுப்பிலேயே இவைதான் சிறந்தவை என்றார். ஆனால் படம் வரைகிறவர்கள் படிக்க வேறு இடம் இருக்கிறது என்றும் சொன்னார். விடுமுறை முடிந்து ஜனவரி இரண்டாவது வாரம் மறுபடி சோதனை வைப்பதாகவும், அதிலும் இப்படியே என்றால் அவள் தன் இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதுதான் நியாயம் என்றும் அமைதியாகச் சொன்னார்.

அன்று மாலை ஜொகூர் பாருவில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சரோஜினி வீட்டுக்குப் போகாமல் சரக்குக் கொட்டகைக்குப் போனாள். தகரக் கூரையில் விழுந்த மழையின் இரைச்சலில் அவள் சொன்னதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. சிற்றம்பலம் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். ஒரு ரப்பர் மூட்டைமேல் தன் கைக்குட்டையை விரித்து மகளை உட்காரச் சொன்னார். அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு நாள் ஆயிற்று. அவர் சொல்லவில்லை. சொல்வதற்காக இரண்டு தடவை குசினிக்குள் போய், இரண்டு தடவையும் தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் அன்னபாக்கியம் மகளின் வெள்ளைக் கோட்டைத் தோய்க்க எடுத்தாள். பைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஆங்கில எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. படத்தை வாசிக்க எழுத்து வேண்டியதில்லை. வயிறு பிளந்த தவளை ஒன்று, குடலும் ஈரலும் தனித்தனியாகத் தெரிய, மிக அழகாகக் கிடந்தது. அவள் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், மகளின் பிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது ஆர் கீறினது?"

"நான்தான் அம்மா."

"வெட்டினது ஆர்?"

சரோஜினி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரையில் இருந்த சிற்றம்பலம் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். பிறகு எல்லாம் வெளியே வந்தது. வாந்தி எடுத்தது, லிம்மோடு செய்த ஏற்பாடு, சோதனை, பேராசிரியர் சொன்னது, ஒன்று விடாமல் அழுதுகொண்டே சொன்னாள்.

"எங்கட வீட்டில முட்டைகூட உடைக்கிறேல்லை. தவளை வெட்டுறன் எண்டு தெரிஞ்சா படிப்பை நிப்பாட்டிப்போடுவியள் எண்டு பயந்துபோனன்."

அன்னபாக்கியம் படத்தை மறுபடி நாலாக மடித்தாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"டாக்குத்தர் எண்டால் பூப் பறிக்கிற வேலையெண்டோ நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்? நிப்பாட்டுறதெண்டால் சேர்க்கேக்கையே நிப்பாட்டியிருப்பன். ஆறு மாசமா உன்ரை வேலையை அந்தப் பிள்ளையைக் கொண்டு செய்விச்சுப்போட்டு, நீ பக்கத்தில இருந்து படம் கீறிக்கொண்டிருந்திருக்கிறாய். அதுக்கு நான் வடை சுட்டுத் தந்திருக்கிறன்."

சரோஜினிக்கு அழுகை நின்றுவிட்டது. இந்தக் கோபம் அவள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை.

"நாளைக்கு உன்னட்டை ஒரு பொம்பிளை வயித்து நோவோட வந்து கிடந்தால், லிம்மைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு போவியோ?" என்று கேட்டுவிட்டு அன்னபாக்கியம் கோட்டைத் தோய்க்கப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, பழகுவதற்கு எத்தனை தவளை வேண்டும் என்பதுதான். ஆறு போதும் என்றாள் சரோஜினி. அன்னபாக்கியம் சட்டங்களை வகுத்தாள். வெட்டுவது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளிக்கும் கொட்டிலில். குசினிப் பக்கம் ஒரு துளி வரக்கூடாது. முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். சாமி அறைக்குச் சோதனை வரைக்கும் மூன்று வாரமும் போகத் தேவையில்லை. மகளுக்கும் சேர்த்துத் தானே கும்பிட்டுக்கொள்வதாகச் சொன்னாள். அக்கம்பக்கம் யாருக்கும் தெரியக்கூடாது. இது கடைசிச் சட்டம், மிக முக்கியமான சட்டம்.

தவளையை நித்திரையாக்கும் மருந்தை ரயில்வே ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், சரோஜினியின் கல்லூரிச் சீட்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். தவளை பிடிப்பதுதான் பிரச்சினை. சிற்றம்பலம் பிடிக்க மாட்டார். வேலுவிடம் சொல்லலாம் என்றார். அன்னபாக்கியமே வேலுவை அழைத்து, ஆறு தவளை வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்காதே, யாரிடமும் சொல்லாதே என்றாள். வேலு அவளை ஒரு தினுசாகப் பார்த்தான்.

"கிராணி ஐயாவுக்கு மேலுக்கு சொகமில்லையாம்மா? எங்க தோட்டத்துல கூட ஒருத்தருக்கு இளைப்புக்குத் தவளைக்கால் சூப்பு குடுத்தாங்க."

அன்னபாக்கியத்துக்குக் காது சிவந்தது. அப்படியொன்றும் இல்லை, பிள்ளையின் படிப்புக்கு என்றாள். வேலுவின் முகம் மலர்ந்தது. "படிப்புக்குன்னா விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று போனான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே மழை. சரக்கு ரயில் இல்லாததால் வேலு தெப்ராவ் பக்கம் நடந்தே போனான். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு கோணிச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பின்பக்கமாக வந்தான். சாக்கு உயிரோடு நெளிந்தது. அன்னபாக்கியம் எத்தனை என்று கேட்டாள். நாற்பதுக்குக் குறையாது என்றான்.

"ஆறு எண்டுதானே சொன்னனான்?"

"ஆறு தவளை புடிக்கவா தெப்ராவ் வரைக்கும் போவாங்க? மழையில அலூர் வாய்க்கால்ல சும்மா குதிச்சிக்கிட்டு கெடக்குதும்மா. படிக்கிற புள்ள, நல்லா படிக்கட்டும்னு அள்ளிக்கிட்டு வந்தேன்."

சாக்கைக் கொட்டிலில் வைத்து, வாயை இறுகக் கட்டிவிட்டு அவன் பின்வாசலில் உட்கார்ந்தான். அன்னபாக்கியம் அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கக் குசினிக்குள் போனபோது, சிற்றம்பலம் கொட்டிலை எட்டிப் பார்த்தார். நாற்பது உயிர், ஒரே சாக்கு. மூச்சு முட்டாதா என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. கயிற்றை ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்றுத்தான், தளர்த்திவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் சிவசம்பு குடையை மடக்கினார். அவர் இலங்கைத் தமிழர் சங்கத்துத் தலைவர். நில அளவைக் கந்தோரில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோலாலம்பூரில் கருவூலத்தில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையின் சாதகத்தோடு இரண்டு மாதம் முன்பு வந்திருந்தார். தவணைச் சோதனை முடியட்டும் என்று அன்னபாக்கியம்தான் அப்போது சொல்லி அனுப்பியிருந்தாள். சோதனை முடிந்துவிட்டது அல்லவா, வந்துவிட்டார்.

விறாந்தையில் சாய்கதிரை போட்டு அவரை உட்காரவைத்தார்கள். சரோஜினி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். சிவசம்பு மாப்பிள்ளையின் குணத்தையும் குடும்பத்தையும் விவரித்தார். சீதனம் பற்றிக்கூட அவர்கள் அதிகம் வாய் திறக்கவில்லை, பிள்ளை அடக்கமாக, சமயாசாரத்தோடு வளர்ந்தவளாக இருந்தால் போதும் என்கிறார்கள் என்றார். சிற்றம்பலம் மனைவியைப் பார்த்தார். அன்னபாக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

நடை வழியாக ஒரு தவளை வந்தது. அவசரப்படாமல், நின்று நின்று வந்தது. விறாந்தை நடுவில் உட்கார்ந்து சிவசம்புவைப் பார்த்தது. மழைக்காலம், தவளை வருவது வழக்கம்தான் என்று அவர் கால்களைச் சற்று இழுத்துக்கொண்டார். பின்னாலேயே இரண்டு வந்தன. அதற்குப் பின்னால் எண்ணிக்கை இல்லை. ஒன்று தேத்தண்ணீர்த் தட்டில் ஏறியது. ஒன்று சிவசம்புவின் வேட்டி மடியில் குதித்து, அங்கேயே தங்கிவிட்டது. அறுபது வயதுச் சங்கத் தலைவர் சாய்கதிரையின் மேல் ஏறி நின்றார்.

பக்கத்து வீடுகளிலும் சத்தம் கேட்டது. அந்த வரிசையில் ஏழு வீடுகள், எல்லாம் ரயில்வேக்காரர் வீடுகள். ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தது. இன்னொரு வீட்டிலிருந்து மலாய்க்காரப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த வேலு பாதி வழியில் திரும்பி ஓடி வந்து, "அலமாக், ஐயையோ, நான் நல்லாத்தானே கட்டினேன்" என்று சேற்றில் விழுந்து விழுந்து பிடிக்கத் தொடங்கினான். அன்னபாக்கியம் சுளகை எடுத்துக்கொண்டாள். அவள் ஓடியதை அந்த வரிசையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"தங்கச்சி, உதென்ன கூத்து?" என்று கதிரைமேல் நின்றபடியே கேட்டார் சிவசம்பு.

அன்னபாக்கியம் நின்றாள். மழைத் தவளை என்று சொல்லிவிடலாம். சிற்றம்பலம் அப்படிச் சொல்லும்படி கண்ணால் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தார். அவள் சுளகைக் கவிழ்த்து, அடியில் அகப்பட்ட தவளையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு சொன்னாள்.

"என்ரை பிள்ளை வெட்டிப் பழகிறதுக்குப் பிடிப்பிச்ச தவளை அண்ணை. வாற மாசம் சோதனை. போன சோதனையில கத்தி வைக்கப் பயந்து கோட்டை விட்டிட்டாள்."

"சைவ வீட்டிலையோ?"

"குளிக்கிற கொட்டிலுக்குள்ளை."

சிவசம்பு யோசித்தார். இது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு படிப்பு இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டார். ஐந்தரை வருஷம் என்றாள் சரோஜினி, கையில் ஒரு தவளையோடு. அதை அவள் எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்களுக்குள் அது குளிர்ந்து, துடித்துக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை.

"அவ்வளவு காலம் அந்தப் பொடியன் பாத்துக்கொண்டிருக்க மாட்டான்" என்றார் சிவசம்பு.

"இருக்க வேண்டாம் அண்ணை. நல்ல இடமாப் பாத்துச் செய்யச் சொல்லுங்கோ" என்றாள் அன்னபாக்கியம்.

அவர் கதிரையிலிருந்து இறங்கினார். மடியில் இருந்த தவளையை வேட்டியோடு சேர்த்துப் பிடித்து, சாக்கில் போடும்படி வேலுவிடம் நீட்டினார். போகும்போது ஒவ்வொரு அடியையும் குடை நுனியால் தட்டிப் பார்த்து வைத்தார். வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பி, சங்கத்து நூல்நிலையத்தில் ஆங்கிலத்தில் ஒரு பிராணி சாஸ்திரப் புத்தகம் யாரும் தொடாமல் கிடக்கிறது, ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

பதினொரு தவளைகள் மிஞ்சின. மற்றவை வடிகாலுக்கும் சிற்றம்பலத்தின் மன நிம்மதிக்கும் போயின. ரகசியம் என்று ஒன்று இனி இல்லாததால் வேலை சுலபமாயிற்று. மலாய்க்காரப் பெண் தன் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கைக் கொட்டிலில் வெளிச்சத்துக்காகக் கொடுத்தாள். தினமும் காலையில் சரோஜினி உள்ளே குந்துவாள். அன்னபாக்கியம் வெளியே, கொட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவுவாள். முதல் நாள் சரோஜினி இரண்டு தடவை வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தாள். அன்னபாக்கியம் எழுந்திருக்கவில்லை. செம்பில் தண்ணீரை மட்டும் பின்பக்கமாக நீட்டினாள்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை."

"அப்ப உள்ளுக்குப் போ."

இரண்டாவது தவளையில் ரத்தக் குழாயை அறுத்துவிட்டாள். மூன்றாவதில் ஈரல் கிழிந்தது. ஐந்தாவதில் அவள் வாந்தியை மறந்துபோனாள். எட்டாவதில், லிம் எங்கெங்கே அவசரப்பட்டு வெட்டினாள் என்பது அவளுக்குப் புரிந்தது. தான் வரைந்த படங்களில் இரண்டு இடம் பிழை என்பதும் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் வீட்டில் தேங்காய்ப்பால் இல்லாத கறியே இல்லை. துருவிய தேங்காயை வேறு என்ன செய்வது? சிற்றம்பலம் ஒரு சுற்றுப் பருத்தார்.

ஜனவரிச் சோதனையில் சரோஜினி குறித்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே கத்தியைத் துடைத்து வைத்தாள். பேராசிரியர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். எங்கே பழகினாய் என்று கேட்டார். வீட்டில் என்றாள். வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தார்களா என்று கேட்டதற்கு, பக்கத்து வீடுகளும் ஒத்துழைத்தன என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்து அன்றுதான் வகுப்பு பார்த்தது. இனிமேல் அவரவர் தவளையை அவரவர் அறுப்பது, அவரவர் படத்தை அவரவர் வரைவது என்று அவளும் லிம்மும் பேசிக்கொண்டார்கள். வடையும் ஆரஞ்சும் மட்டும் முன்போலவே கை மாறின. லிம்மின் படத்தில் தவளைக்கு மெல்ல மெல்லக் கால் முளைத்தது.

மார்ச் கடைசியில் முதல் வருஷத் தேர்வு முடிந்து, சரோஜினி எல்லாப் பாடத்திலும் தேறினாள். அந்த வாரம் மாணவர்களின் பெற்றோர் வந்து பரிசோதனைச் சாலைகளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கினார்கள். மலாயாவுக்கு வந்த காலம் முதல் அன்னபாக்கியம் கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. சிங்கப்பூர் என்பது அவளுக்குக் கப்பலிலிருந்து இறங்கிய இடம் மட்டுமே. அன்று அவள் கூறைச்சேலையை எடுத்துக் கட்டினாள். சிற்றம்பலம் கோட்டும் தலைப்பாகையும் அணிந்தார். ரயில் பாலத்தில் ஏறியதும் அவள் ஜன்னலோரம் நகர்ந்தாள். இவ்வளவு தண்ணீரைத் தாண்டியா தினமும் போனாய் என்று மகளைக் கேட்டாள்.

விலங்கியல் கூடத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு மாணவர் நின்றார். சரோஜினியின் மேசையில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. அதன் பக்கத்தில் ஈரத் துணியில் சுற்றிய உயிருள்ள தவளை ஒன்று. ஒரு பின்னங்காலை மட்டும் வெளியே எடுத்து, விரல்களை விரித்து, அவற்றுக்கு இடையிலுள்ள சவ்வைக் கண்ணாடிக்குக் கீழே பொருத்தியிருந்தாள். பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். தொப்பியும் கைத்தடியுமாக வெள்ளைக்காரர்கள், பட்டுச் சட்டை போட்ட சீன முதலாளிகள், லிம்மின் தகப்பனார் எல்லோரும் இருந்தார்கள்.

அன்னபாக்கியத்தின் முறை வந்தது. எந்தக் கண்ணால் பார்ப்பது என்று கேட்டாள். சரோஜினி அவளை முக்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லிக் காட்டினாள். முதலில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றாள். பிறகு இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

சவ்வுக்குள் சின்னஞ்சிறு வாய்க்கால்கள் கிளை கிளையாகப் பிரிந்து போயின. அவற்றில் ரத்தத்தின் துகள்கள், ஒன்றன்பின் ஒன்றாக, சில இடத்தில் வரிசையாக, சில இடத்தில் நெருக்கியடித்து, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் ஒரு துகள் தயங்கி, வளைந்து, தப்பித்துப் போயிற்று.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். சிற்றம்பலம் மெல்ல அவள் தோளைத் தொட்டார். அவள் நகரவில்லை.

"பிள்ளை, எனக்குள்ளையும் இப்பிடித்தான் ஓடுதோ?"

"ஓம் அம்மா. எல்லாருக்கும்."

"நித்திரை கொள்ளேக்கையும்?"

"ஓம்."

அன்னபாக்கியம் கண்ணை எடுக்காமலே இடது கையை மடியிலிருந்து தூக்கி, வலது மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"பின்னால நிக்கிற ஆக்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்றாள்.